நாலாம் வகுப்பு எரித்த பங்களா

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்தொன்பது வருஷமும் ஒரு புதன்கிழமைக் காலையும் பிடித்தது. அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் இருந்த சரஸ்வதி டீச்சரிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். (கேட்டவர்களுக்கும் தெரியாது என்பதால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.)

எழுபதுகளின் நடுவில், மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜா என்ற ஊருக்கும் மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அங்கே தகரக் கூரை போட்ட ஒரு தமிழ்ப் பள்ளி, அதில் மூன்று வாத்தியார்கள். மூன்றாவது ஆள் நான், தற்காலிக ஆசிரியை. தானா ராத்தா டவுனுக்குப் போய் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்த பெண் தோட்டத்தில் வேறு யாரும் இல்லாததால் கிடைத்த வேலை. வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்ப்பார். அவர் நல்லபடியாக நாலு வரி எழுதினால் பயிற்சிக் கல்லூரி, அப்புறம் நிரந்தர வேலை. எழுதாவிட்டால் அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க வேண்டியதுதான்.

அம்மா என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு தினமும் ஒரே வார்த்தையைச் சொல்வாள்.

"நீ ஒண்ணும் பயப்படாத சரசு. வேல போனா போவுதுலா. ஸ்டோர்ல நல்ல கூடயா ஒண்ணு பாத்து எடுத்து வச்சிருக்கேன்."

அந்தக் கூடை எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பள்ளிக்குக் கிளம்பும்போது தினமும் என் தோளில் இடிக்கும்.

நாலாம் வகுப்புக்குச் சரித்திரமும் பூகோளமும் என் பொறுப்பு. பாடத்திட்டத்தில் முதல் பாடம் "நம் ஊர்". ஊர் எங்கே இருக்கிறது, எல்லை எது, ஆறு எது, பழைய காலத்தில் என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். புத்தகம் வரவில்லை. பாதி வருஷம் ஆகியும் வரவில்லை. எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொந்தமாக எழுதலாம் என்று ஒரு நாள் நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். "காட்டை வெட்டினார்கள். தேயிலை நட்டார்கள். கிள்ளினார்கள்." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தோட்டத்துக்கு என்ன பெரிய சரித்திரம் இருந்துவிடப் போகிறது என்று நோட்டை மூடிவிட்டேன். யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் டீச்சருக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓட்டோ வந்து சேர்ந்தார்.

பேக்டரிக்குக் கொழுந்து காயவைக்கும் புது மெஷின் ஜெர்மனியிலிருந்து பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க வந்தவர் ஓட்டோ. ஆறடிக்கு மேல் உயரம், ஐம்பது வயது இருக்கும், வெயிலே இல்லாத எங்கள் மலையிலும் முகம் சிவந்திருக்கும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் அவருக்கு 'இஞ்சின் துரை' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு ஊரில் ஒன்பது வயதில் ஒரு மகள். அந்த ஏக்கத்தில், பிள்ளைகள் சத்தம் கேட்டு ஒரு மத்தியானம் என் வகுப்புக்கு வந்து, பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டார். மறுநாள் வரும்போது தன் கிராமத்தின் வண்ண வரைபடம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்தார். பெயர் எர்லன்தால். நானூறு பேர் இருக்கும் சின்னக் கிராமமாம்.

பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்து ஊரைப் பற்றிச் சொன்னார். அவர் இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் அவருக்கும் சரியாக வராது, எனக்கும் வராது. ஆனால் அவருக்கு வராத இடமும் எனக்கு வராத இடமும் வேறு வேறாக இருந்ததால், ஒரு வாக்கியத்தில் இரண்டு பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களை நானே மண் போட்டு நிரப்பினேன்.

உதாரணமாக, அந்த ஊரை ஆண்ட ஒரு பிரபுவைப் பற்றிச் சொன்னார். அவர் யார், என்ன பதவி என்று எனக்குப் பிடிபடவில்லை. ஓட்டோ ஜன்னல் வழியாக மேட்டில் இருந்த மேனேஜர் பங்களாவைக் காட்டி, "அந்த மாதிரி வீட்டில் இருப்பவர்" என்றார். அவ்வளவுதானே? துரை. பிரபுவுக்காக ஜனங்களை வேலை வாங்கியவர் கங்காணி. குடியானவர்கள் ஆட்கள். அவர்கள் இருந்த வரிசை வீடுகள் லயம். ஆற்றங்கரையில் சக்கரம் சுற்றி மாவு அரைக்கிற இடம் பேக்டரி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். பனி கொட்டும் என்றபோதுகூட யாரும் அதிசயப்படவில்லை. வருஷம் பூரா சுவெட்டர் போட்ட பிள்ளைகள், இன்னொரு சுவெட்டர் போட்டால் போகிறது என்று இருந்தார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு ஊரைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இது ஒரு மாதிரி என்று சொல்லி, ஓட்டோ சொன்னதை எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பாடத்திட்டத்தில் இருந்த தலைப்பையே மேலே போட்டேன்: நம் ஊர். மாதிரி முடிந்ததும் நிஜத்தை எழுதலாம் என்று ஒரு எண்ணம். (இன்றுவரை என் வாழ்க்கையில் பாதிக் காரியம் இந்த எண்ணத்தில்தான் நிற்கிறது.)

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பலகையில் எது ஏறினாலும் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள், மனப்பாடம் செய்வார்கள், தினம் காலையில் ராகம் போட்டு மொத்தமாக ஒப்பிப்பார்கள். என்ன ஏது என்று கேள்வி கிடையாது. மூன்று மாதம் அந்தப் பாடம் தகரக் கூரை அதிர ஒலித்தது. தலைமையாசிரியர் பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு, "நாலாம் வகுப்பு நல்லா சத்தமா படிக்குது" என்று பாராட்டினார்.

புதன்கிழமை வந்தது.

நாங்கள் இருப்பது பகாங் மாநிலம். ஆனால் பகாங்கிலிருந்து எங்களைப் பார்க்க வர வேண்டுமானால், அந்தக் காலத்தில் பக்கத்து மாநிலமான பேராக்கைச் சுற்றிக்கொண்டு தாப்பா வழியாகத்தான் மலை ஏற வேண்டும். அந்த வளைவுகளில் இன்ஸ்பெக்டர் ஐயா எத்தனை இடத்தில் காரை நிறுத்தச் சொன்னாரோ தெரியாது. வந்து இறங்கும்போது ஒரு கையில் பை, மறு கையில் பாதி முகர்ந்த எலுமிச்சம்பழம். தலைமையாசிரியர், "பசியாறிட்டுப் போலாம் சார், இடியப்பம் இருக்கு" என்று சொன்னதும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

அவரோடு துரையும் வந்தார், நிஜத் துரை. தோட்டப் பள்ளிக்கு வாரியத் தலைவர் மேனேஜர்தான். ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட வெள்ளைக்காரர்களில் அவர் ஒருவர். தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் மலையில் ஆட்களை வேலை வாங்கிக் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் பேச்சில் 'வா, போ, வெட்டு, நிறுத்து' மட்டும்தான் இருக்கும். போதாக்குறைக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு தகராறு நடந்திருந்தது. கொழுந்தில் ஈரம் என்று நிறுவையில் கழித்ததால், ஆட்கள் அரை நாள் மலைக்குப் போகாமல் பேக்டரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிலாளர் சங்கத்து ஆள் வந்து பேசி முடித்து வைத்தார். துரைக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு பேரும் என் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் பாடத்திட்டத்தைப் புரட்டினார்.

"நம் ஊர். சரி, யார் சொல்றா?"

பதினாலு கையும் மேலே போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் கங்காணி மகள் வாசுகியைக் காட்டினார். அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நம் ஊர் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை. மலை மேலே காடு. நடுவில் ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் பேக்டரி இருக்கிறது. மேட்டில் துரை பங்களா இருக்கிறது."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். துரையும் தலையாட்டினார். ஒரு வார்த்தை தப்பில்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"பேக்டரி கட்டி முன்னூறு வருஷம் ஆகிறது" என்றாள் வாசுகி.

துரையின் தலை நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியுமே, எழுதியவளே நான்தானே.

"துரை மிகவும் கொடுமைக்காரர். ஆட்கள் விளைவித்ததில் பாதியைப் பிடுங்கிக்கொள்வார். லயத்தில் ஒருவர் செத்துப்போனால், அந்த வீட்டு மாடுகளில் நல்ல மாடாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போவார்."

"வாசுகி, போதும், உக்காரு" என்றேன்.

"இருங்க, சொல்லட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த பகுதி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது என்பதால் அதை ஒருவரிடம் விடும் வழக்கம் இல்லை. வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.

"ஒரு வருஷம் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டார்கள். மேட்டுக்குப் போனார்கள். துரையின் சாராயப் பீப்பாயை உடைத்தார்கள். பங்களாவுக்கு நெருப்பு வைத்தார்கள். துரை எப்படி ஓடினார்?"

கேட்டுவிட்டு எல்லோரும் அந்தோணியைப் பார்த்தார்கள். அந்தோணி தன் சுவெட்டரை முழங்கால் வரை இழுத்துவிட்டு, அதையே ராத்திரி அங்கியாகப் பிடித்துக்கொண்டு, துரை நாற்காலியைச் சுற்றி இரண்டு தடவை ஓடி, பின்வாசல் வழியாக வெளியே போனான். வகுப்பு கை தட்டியது. தினமும் தட்டும்.

கை தட்டல் ஓய்ந்த பிறகும் வெளியே அந்தோணி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

துரை எழுந்தார். மூக்கு நுனி வரை சிவந்திருந்தது.

"டீச்சர். நீ இங்கே வா. யார் சொல்லிக் குடுத்தது இது? சங்கம் ஆளா?"

தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "நான் நாலாம் வகுப்புப் பக்கமே போறதில்லைங்க தொர. எனக்கு ஒண்ணும் தெரியாது." (சத்தமாகப் படிக்கிறது என்று மெச்சியவர் இவர்தான்.)

கண் முன்னால் கூடை, ஆணியிலிருந்து தானே இறங்கி என் முதுகில் ஏறுவது தெரிந்தது. அது என்னோடு முடியுமா? அப்பா பேக்டரியில் வேலை செய்கிறார், அம்மா மலையில். துரை நினைத்தால் ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். நான் பண்ணிய கூத்துக்குக் குடும்பமே சாமானைக் கட்ட வேண்டும். அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்ஸ்பெக்டர்தான் நிதானமாகக் கேட்டார். "இதெல்லாம் எந்த ஊர்ல நடந்ததும்மா?"

"ஜெர்மனியில சார்."

"எங்க?"

"ஜெர்மனியில சார். இஞ்சின் தொர ஊரு. நானூறு வருஷத்துக்கு முந்தி."

"பாடம் 'நம் ஊர்' ஆச்சேம்மா. ஜெர்மனிய எதுக்கு எழுதிப் போட்டீங்க?"

"நம்ம ஊரப் பத்தி எழுத எனக்கு ஒண்ணும் தெரியல சார்."

என் வாழ்க்கையில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுதும்விட்டேன். அழுதுகொண்டே அலமாரிக்குப் பின்னாலிருந்து வரைபடத்தை எடுத்து, சாட்சிக்கு விரித்துப் பிடித்தேன். தலைகீழாகப் பிடித்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

துரை நம்பவில்லை. பேக்டரிக்கு ஆள் அனுப்பினார். ஓட்டோ எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். அறையில் இருந்த முகங்களைப் பார்த்தார், என் அழுகையைப் பார்த்தார், முதல் வேலையாக வரைபடத்தை வாங்கி நேராகத் திருப்பினார்.

"மறுபடி சொல்லு" என்று வகுப்பைப் பார்த்து உத்தரவிட்டார் துரை. பிள்ளைகளுக்கு இரண்டு முறை கேட்க வேண்டுமா? முழுவதையும் சொன்னார்கள். ஓட்டோவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் அந்தோணி (அவனை இழுத்து வந்திருந்தார்கள்) சுவெட்டரைப் பிடித்துக்கொண்டு ஓடியதும் அவர் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"யா, யா. எங்கள் பிரபு. இப்படியேதான் ஓடினார்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தின் இந்த மூலையில், தன் மகள் வயதுப் பிள்ளைகள் பதினாலு பேருக்குத் தன் ஊர் மனப்பாடமாகத் தெரிகிறது என்றால் மனுஷன் என்ன செய்வார்? துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல பள்ளிக்கூடம் என்றார். துரையின் வெள்ளைக் கை கறுப்பாகிவிட்டது.

துரை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கோபம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஓட்டோவிடம் இங்கிலீஷில் கேட்டார்: "ஓடினானே, அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். ஒரு பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு. எரித்தவர்களே பங்களாவைத் திரும்பக் கட்டினார்கள், கூலி இல்லாமல். முன்னால் இருந்ததைவிடப் பெரிய பங்களா."

இதையும் அவர் எனக்குச் சொல்லித்தான் இருந்தாராம். அது எனக்குப் புரியாமல் போன பள்ளங்களில் ஒன்று. பங்களா எரிந்துவிட்டது, துரை ஓடிவிட்டார், இதற்கு மேல் என்ன முடிவு வேண்டும் என்று நானே கதையை முடித்துவிட்டிருந்தேன்.

துரையின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"டீச்சர். இதை ஏன் நீ சொல்லிக் குடுக்கலே? துரை திரும்பி வந்தான். எழுது."

சாக்பீஸை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பலகையில் எழுதினேன்: துரை திரும்பி வந்தார். "படி" என்றார். கூரை அதிரப் படிக்கிற நாலாம் வகுப்பு, அந்த ஒரு வரியை யாருக்கும் கேட்காதபடி முணுமுணுத்தது.

வாசுகி மட்டும் கையைத் தூக்கினாள். "டீச்சர், அப்ப மாடு?"

ஓட்டோவிடம் கேட்டேன். மாடும் கொடுக்கத்தான் வேண்டியிருந்ததாம், அதற்குப் பிறகும் இருநூறு முன்னூறு வருஷத்துக்கு. வாசுகி முகம் சுருங்கிப்போனது. அவள் வீட்டில் இரண்டு மாடு இருந்தது. துரைக்கு அது எப்படித் தெரியுமோ, அவளைப் பார்த்துச் சொன்னார்: "உன் மாடு எனக்கு வேணாம். நீ வச்சிக்கோ."

அப்போதுதான் எனக்குக் கால் நிலத்தில் ஊன்றியது. இனி சாமானைக் கட்ட வேண்டாம். அந்த நிம்மதியில், அழுத முகத்தோடு பைத்தியம் மாதிரி சிரித்தேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார்.

"பிள்ளைகளுக்கு ஊரின் சரித்திரமும் பூகோளமும் மிக நன்றாகத் தெரிந்திருக்கின்றன. ஊர்தான் வேறு."

ஒரு மாதம் தவணை கொடுத்தார். இதே பிள்ளைகள் இதே மாதிரி இந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் என்னைப் பற்றி மேலே எழுதுவாராம்.

அந்த ஒரு மாதம் நான் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எதிரில் வந்தவர்களை எல்லாம் கேட்டேன். எது முதல் லயம்? ரோடு போடுவதற்கு முன்னால் சாமான் எப்படி வந்தது? ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி முதல் கோலா தெர்லா முட்டைக்கோஸ் லோரி டிரைவர் வரை ஒருவரையும் விடவில்லை. பேக்டரிக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர் தெலோம் ஆற்றில் விழுந்து, அது ஜெலாயில் சேர்ந்து, கடைசியில் பகாங் ஆறாகிக் கடலுக்குப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பத்தொன்பது வருஷம் அந்தத் தண்ணீரில்தான் துணி துவைத்திருக்கிறேன். பிள்ளைகள் எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் வரவில்லை. கடிதம்தான் வந்தது. தம்முடைய உடல்நிலைக்கு அந்த மலைப்பாதை இன்னொரு முறை ஒத்துவராது, துரை விசாரித்து எழுதிய குறிப்பே போதுமானது, சரஸ்வதியைப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று இருந்தது. நான் அந்தக் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். ஏழாவது தடவை அப்பா வாங்கிக்கொண்டு போய் லயம் முழுக்கப் படித்துக் காட்டினார். அம்மா தன் பழைய கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எனக்காக வாங்கிய கூடையோடு மறுநாள் மலைக்குப் போனாள். நல்ல கூடை, வீணாகக் கூடாது என்றாள்.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, அவர்களுக்கு விவரம் தெரியும் வயதில் இந்தக் கதையை நானே வாய் கொழுத்துப் போய்ச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரையாவது ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, அவர் எப்படி வாயடைத்துப் போனார் என்று நான் சொல்லி முடிக்கும்போதெல்லாம், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "சரி, துரை திரும்பி வந்தாரா?" பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். எந்தச் சண்டையிலும் நான் ஜெயித்ததாக இந்த வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டது கிடையாது.

போன வாரம்கூட, பக்கத்து வீட்டு அக்காவின் கோழி என் செடியை எல்லாம் கிளறிப் போட்டதற்கு வேலியோரம் நின்று நன்றாக நாலு வார்த்தை கேட்டேன். அவர் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார். ஜெயித்த சந்தோஷத்தில் வந்து வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்த அக்கா நேராக எங்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். கையில் மூடி போட்ட தட்டு இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.